கட்டியது எது, வரைந்தது எது

என் மூத்த பேத்தி சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். படித்தது சிவில். ஆனால் சைட்டுக்குப் போவதில்லை, தலையில் மஞ்சள் தொப்பியும் கிடையாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டில் எங்கோ எழும்பப்போகிற ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "என்னம்மா வேலை?" என்று உறவுக்காரர்கள் கேட்டால் "பிம்" என்பாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடிப்பார்கள். இரண்டு வருஷம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

போன பொங்கலுக்கு ராமநாதபுரம் வந்திருந்தபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பிம் என்றால் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். கட்டடம் முழுவதையும் முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பது. வெறும் படம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கதவைத் தொட்டால் அதன் அகலம், உயரம், எந்த மரம், தீப்பிடித்தால் எத்தனை நிமிஷம் தாங்கும், யார் சப்ளை, விலை என்ன, எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஏ.சி. குழாய் போடுகிறவர்கள் தனியாக வரைவார்கள், கம்பி கணக்குப் போடுகிறவர்கள் தனியாக வரைவார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எங்கே மோதுகிறது என்று பார்ப்பதுதான் இவள் வேலையில் பாதி.

"இங்க பாருங்க தாத்தா, இந்தக் குழாய் பீமுக்குள்ள போகுது" என்று சிவப்பாக எரிந்த ஓர் இடத்தைக் காட்டினாள். நம் ஊரில் இந்தப் பிரச்சினையைக் கட்டடம் எழும்பிய பிறகுதான் கண்டுபிடிப்போம். பிளம்பர் வந்து பீமைக் கொத்துவார். கொத்தியதை யாரும் எங்கும் எழுதி வைக்க மாட்டார்கள்.

ஆனால் என் கண் போனது அந்தச் சுழலும் படத்தின் மேல் இல்லை. அவள் அதை மூடிவிட்டு வேறொரு பட்டியலைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான பெயர்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் பி01, பி02, சி01 என்று ஒரு குறி. பி என்றால் இன்னும் பேச்சுவார்த்தையில் இருப்பது, சி என்றால் ஒப்பந்தப்படி கட்டலாம் என்று வெளியிட்டது. அதோடு இன்னொரு குறி. எஸ்2 என்றால் தகவலுக்கு மட்டும், எஸ்3 என்றால் பார்த்துக் கருத்துச் சொல்ல. எல்லாக் கோப்பும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டுமாம்: கைவேலையில் இருப்பது, மற்றவர்களோடு பகிர்ந்தது, வெளியிட்டது, பழையதாகிக் காப்பில் வைத்தது. 2018இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்ற உலகத் தரம் இந்த நான்கைத்தான் சொல்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணு, இது எங்க ரிக்கார்டு ரூம்" என்றேன்.

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழ் வீட்டில் பேசியது, பாட்டியிடம் எழுதப் பழகியது. எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டட வேலைகள் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் ஆறு வருஷம் வரைபட அறைப் பொறுப்பு. ட்ரேசிங் துணியில் மையால் வரைந்த மூலப் படங்கள் தகரக் குழாய்களில் சுருட்டி இருக்கும். அதிலிருந்து அம்மோனியா பிரிண்ட் எடுத்து சைட்டுக்கு அனுப்புவோம். அந்த நெடி சட்டையில் ஏறி, வீட்டுக்கு வந்தாலும் போகாது. பிரிண்டை வெயிலில் ஒரு மாசம் வைத்தால் கோடுகள் வெளுத்து, வெறும் தாள்தான் மிஞ்சும்.

அங்கே எங்கள் தலைமை எழுத்தர் ஒரு விதியை உயிராக வைத்திருந்தார். திருத்திய படம் சைட்டுக்குப் போனால், பழைய படம் கையோடு திரும்பி வர வேண்டும். வந்ததைப் பதிவேட்டில் எழுதி, "ரத்து" முத்திரை குத்தி, தனி அலமாரியில் வைக்க வேண்டும். கிழித்துப் போடக் கூடாது. "சைட்டில் இரண்டு படம் இருந்தால் மேஸ்திரி எதைப் பார்த்துக் கட்டுவார் தெரியுமா? கைக்கு எது அகப்படுகிறதோ அதை" என்பார். அளவுப் புத்தகமும் அதே மாதிரி. எம்.புக் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பக்கத்துக்கு எண் போட்டிருக்கும், அழிக்கக் கூடாது, தப்பாக எழுதியதைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அடித்த எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டும். பேத்தியின் கம்ப்யூட்டரில் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்பது தானாகவே பதிவாகிறது. எங்கள் தலைமை எழுத்தர் பார்த்திருந்தால் அந்தப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டியிருப்பார்.

பிரெஞ்சு அங்கே ஒரு தடவை எனக்குச் சோறு போட்டது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, வெளியூரிலிருந்து வந்த இன்ஜினியர்களுக்குப் பழைய படங்களில் இருந்த எழுத்து புரியாது. ஒரு தடவை ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் புது அறை போட வேண்டும். பூமிக்குள் ஒரு செங்கல் வடிகால் போவதாகப் படம் காட்டியது. அதைத் தள்ளி அஸ்திவாரம் எடுக்க அளவெல்லாம் குறித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். "ப்ரொழே" என்று இருந்தது. திட்டம், உத்தேசம் என்று பொருள். "ஐயா, இது கட்டப்போவதாக நினைத்த படம். கட்டி முடித்த பிறகு அளந்து வரைவதற்கு வேறு பெயர் உண்டு, ப்ளான் து ரெகோல்மான் என்று எழுதியிருப்பார்கள். அது இருக்கிறதா என்று தேட வேண்டும்" என்றேன். தேடினோம், கிடைக்கவில்லை. தோண்டிப் பார்த்தார்கள். வடிகால் படத்தில் இருந்த இடத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி, சரியாக இவர்கள் அஸ்திவாரம் குறித்த கோட்டின் கீழே போய்க்கொண்டிருந்தது.

ரெகோல்மான் என்ற அந்தச் சொல்லுக்கு, பட்டியலில் உள்ளது நிஜத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என்றும் பொருள் உண்டு. எனக்குப் பிடித்த சொல். வரைந்தது ஒன்று, கட்டியது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு போய் அளந்து வர வேண்டும். கம்ப்யூட்டர் வந்தாலும் அந்த ஒருவர் இல்லாமல் முடியாது.

ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊர்ப்பக்கம் வந்து குடியேறி இது பதினான்காவது வருஷம். இங்கே இருந்துகொண்டு கட்டுமானத்தைப் பற்றி எழுதினால் பாம்பனைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம். நடுவில் கப்பல் போகும் ஷெர்சர் தூக்கு. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்து, 126 கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் 46 நாளில் மறுபடி ரயிலை ஓடவைத்தார். பின்னாளில் மெட்ரோ மனிதர் என்று பெயர் வாங்கிய ஈ.ஸ்ரீதரன்தான் அவர். புதுக் கர்டர் செய்து முடிக்கப் பல மாதம் ஆகும். கடலுக்கு அடியில் கிடந்தவற்றையே தூக்கி மறுபடி பொருத்தினார்கள். கர்டர் கிடக்கும் இடம் மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த அலுவலகத்துக் கோப்பிலும் இல்லாத தகவல், வள்ளத்தில் போகிறவர் தலைக்குள் இருந்தது.

அந்தப் பாலத்துக்குக் கடைசிக் காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள் சென்சார் பொருத்தினார்கள். இரும்பின் அதிர்வையும் இழுவையையும் அது எழுதிக்கொண்டே இருந்தது. 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியிலிருந்து எச்சரிக்கை வந்ததும், 23ஆம் தேதி ரயிலை நிறுத்தினார்கள். 1964இல் புயல் அடித்த அதே டிசம்பர் 22, 23ஐ எண்ணி, ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்கு அந்தக் கதைகளில் நம்பிக்கை இல்லை. ஒரு கிழட்டுப் பாலம் தன் உடம்பு சரியில்லை என்று தானே எழுத்தில் கொடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி, ராமநவமி அன்று திறந்தது. 18.3 மீட்டரில் 99 கண்கள், நடுவில் 72.5 மீட்டர் நீளத்தில் ஒரே தூக்கு. அது லிஃப்ட் மாதிரி செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறும். ஆள் சுற்ற வேண்டாம், மின்மோட்டாரும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும்தான். ஸ்பெயின் நாட்டு டிப்ஸா நிறுவனம் வடிவமைத்தது. கர்டர்களைப் பற்றவைத்தது நம் சத்திரக்குடியில். பற்றவைத்த இடங்களை நவீன அல்ட்ராசோனிக் முறையில் பரிசோதித்து, திருச்சி வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தின் சரிபார்ப்பும் வாங்கினார்கள்.

திறப்பதற்கு முன்னால், 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். ரயில் ஓடலாம்; பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்றார். கூடவே குறைகளையும் எழுதினார். அதில் முக்கியமானது, தூக்குப் பகுதியின் வடிவமைப்பில் ரயில்வேயின் சொந்தத் தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. ஈடுபடுத்தப்படவில்லை என்பது. வெளிநாட்டு ஆலோசகரின் வடிவமைப்பைச் சென்னை ஐ.ஐ.டி. சரிபார்த்தது, மும்பை ஐ.ஐ.டி.யும் பார்த்தது என்று ரயில்வே பதில் சொன்னது. இரும்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எழுத்தராக இருந்தவன் கண்ணில் ஒன்று பட்டது. அந்த விவாதத்தில் பாதி இரும்பைப் பற்றியது இல்லை. யார் பார்த்தார், யார் கையெழுத்திட்டார், எந்த விதியின் கீழ், அது எந்தக் கோப்பில் இருக்கிறது, இதுதான். கடலில் நிற்கும் பாலத்தோடு கூடவே காகிதத்தால் ஒரு பாலமும் நிற்க வேண்டியிருக்கிறது.

இதை அலுவலகத்துக்காரர்களின் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு லண்டன் செய்தி. 2017 ஜூன் 14 அதிகாலை கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடி எரிந்து 72 பேர் செத்தார்கள். சுவருக்கு வெளியே புதிதாக ஒட்டிய தகடுதான் தீயை மாடி மாடியாக ஏற்றியது. அதன் பிறகு கட்டட விதிகளை ஆராய்ந்த ஜூடித் ஹேக்கிட் அம்மையார் 2018இல் கொடுத்த அறிக்கையில் "பொன்னிழை" என்று ஒரு சொல்லைப் போட்டார். என்ன பொருளைப் போட்டார்கள், ஏன் மாற்றினார்கள், யார் அனுமதித்தார் என்ற தகவல், வரைகிற நாள் முதல் கட்டடத்தை இடிக்கிற நாள் வரை ஓர் இழையாக அறுபடாமல் வர வேண்டும், அதுவும் கம்ப்யூட்டரில் என்றார். இன்று இங்கிலாந்தில் உயரமான குடியிருப்புகளுக்கு அது சட்டம்.

லண்டன் போக வேண்டாம், உச்சிப்புளிக்கு வாருங்கள். என் மகள் வீடு அங்கே. 2009இல் தரைத்தளம் மட்டும் கட்டினார்கள். பேரனுக்குக் கல்யாணம் பேசும் நேரம், மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். புதிதாக வந்த இன்ஜினியர் நல்ல பையன். முதல் கேள்வியே "பூட்டிங் படம் இருக்கா சார்?" என்பதுதான்.

பஞ்சாயத்து அனுமதி வாங்கிய படம் பீரோவில் இருந்தது. அதில் அறைகள், ஜன்னல், கழிவறை எல்லாம் இருக்கிறது, மண்ணுக்குக் கீழே எதுவும் இல்லை. கம்பியும் அஸ்திவாரமும் உள்ள படத்தைக் கட்டிக்கொடுத்தவர் ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தார். உப்புக் காற்றில் அதன் வெள்ளிப் பூச்சு உரிந்து பொடுகு மாதிரி உதிர்ந்தது. தெரிந்த கடையில் ஒரு டிரைவ் தேடிப்பிடித்துப் போட்டோம், திறக்கவில்லை. கட்டியவர் வளைகுடா போய்ப் பல வருஷம் ஆகிறது. போனில் பிடித்தால், அந்தக் கம்ப்யூட்டரே இப்போது இல்லை என்றார்.

அப்போதுதான் என் சம்பந்தி அம்மாள், அந்த வீட்டில் வேலை செய்த கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார். வயது எழுபதுக்கு மேல், என் வயதுதான். வந்தவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வடகிழக்கு மூலையில் நின்று காலால் தரையைத் தட்டினார்.

"ஐயா, இங்கன ஒரு பழைய கெணறு இருந்துச்சு. உவர்த் தண்ணி. மண்ணு போட்டு மூடித்தான் பில்லர் எடுத்தோம். மாடி வேணாம்னு சொன்னதால விட்டுட்டாக."

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த மூலையில்தான் மாடியின் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டும் வருவதாக இருந்தது. தோண்டினார்கள். நாலரை அடியில் கிணற்றின் செங்கல் வளையம் தெரிந்தது; பூட்டிங்கின் பாதி அதன் விளிம்பிலும், பாதி அள்ளிப்போட்ட மண்ணிலும் உட்கார்ந்திருந்தது. கடல் பக்கத்துத் தூண் ஒன்றில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் வெடித்திருந்தது வேறு கதை. இந்தக் கரையில் அது இல்லாத பழைய வீட்டை நான் பார்த்ததில்லை. இன்ஜினியர் மாடியை மேற்குப் பக்கமாக ஒதுக்கினார். தொட்டி இடம் மாறியது. ஒரு படுக்கையறை குறைந்தது. அஸ்திவாரத்தைப் பலப்படுத்த ஆன செலவை மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கொத்தனார் போன வருஷமே போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகள் மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

இப்போது நம் மாநிலத்தில் அனுமதிக்கு விண்ணப்பிப்பது ஆன்லைனுக்கு வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கலாம். பேரன் வயதுப் பிள்ளைகள் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அங்கே ஏறுவதும் "ப்ரொழே"தான், கட்டப்போவதாகச் சொல்லும் படம். மூடிய கிணற்றைக் கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

இன்னொரு சந்தேகத்தையும் பேத்தியிடம் கேட்டேன். ட்ரேசிங் துணியை நூறு வருஷம் கழித்தும் விரித்தால் படிக்கலாம். உன் ஃபைலைத் திறக்கிற சாஃப்ட்வேர் நூறு வருஷம் இருக்குமா? பதினாறு வருஷத்து சி.டி.யே திறக்கவில்லையே! அவள் கொஞ்சம் யோசித்தாள். விற்கிற கம்பெனியின் சொந்த வடிவத்தில் மட்டும் வைத்தால் ஆபத்துதான் என்று ஒப்புக்கொண்டாள். யாரும் எந்த மென்பொருளிலும் திறக்கும்படி ஐ.எஃப்.சி. என்று ஒரு பொது வடிவம் உலகத் தரமாகவே இருக்கிறது, அதில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும், சில வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துப் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றாள். அதற்கு ஆள் யார், சம்பளம் யார் என்று கேட்டேன். சிரித்தாள். அவளுடைய ஆஸ்பத்திரிக்கு அதற்கென்று ஆள் இருக்கிறார்களாம். உச்சிப்புளி வீட்டுக்கு நான்தான்.

மே மாசம் லீவுக்கு வந்தபோது, அம்மா வீட்டை ஒரு மாடலாகப் போட்டுத் தருகிறேன் என்றாள். இரண்டு நாள் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள். கிணற்றின் நடுப்புள்ளி கிழக்குக் காம்பவுண்டிலிருந்து எத்தனை, வடக்குச் சுவரிலிருந்து எத்தனை என்று மூன்று தடவை அளந்தோம். சுவர் பூசுவதற்கு முன் கரண்ட் குழாயும் தண்ணீர்க் குழாயும் போகிற வழியை, பக்கத்தில் டேப்பை வைத்துப் போட்டோ எடுத்தாள். கம்ப்யூட்டரில் அந்த மூலைத் தூணைத் தொட்டால் இப்போது ஒரு வரி வருகிறது: "கீழே மூடிய கிணறு, பாரம் ஏற்றக் கூடாது." சொன்னவர் என்ற இடத்தில் கொத்தனார் பெயரையும், அவர் சொன்ன தேதியையும் போடச் சொன்னேன்.

பிரதி மூன்று எடுத்திருக்கிறோம். ஒன்று அவளிடம், ஒன்று மாப்பிள்ளையின் பென்டிரைவில். மூன்றாவதைப் பெரிய தாளில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். மேல் ஓரத்தில் தேதி, என் கையெழுத்து, அதன் கீழே ரெகோல்மான் என்று தமிழில்.